சண்டைக்காரி செத்தாளா இல்லையா

கர்ஸாப் பள்ளத்தாக்கில் ஒரு மரம் செத்துவிட்டது என்று சொல்லும் உரிமை மனிதனுக்குக் கிடையாது. மழைக்குத்தான் உண்டு. இலை முழுக்க உதிர்ந்து, பட்டை வெடித்து, கிளையெல்லாம் எலும்பாக நின்றாலும் சரி, அதன் மேல் ஒரு மழை பெய்ய வேண்டும். பெய்த பிறகும் துளிர்க்கவில்லை என்றால் அது செத்த மரம். அதுவரை அது தூங்குகிற மரம். தூங்குகிறவளைத் திட்டலாம், நிழல் போதவில்லை என்று குறை சொல்லலாம். வெட்டக் கூடாது.

மழை எப்போது வரும் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு மீசை முளைத்த வருஷம் ஒரு மேகம் வந்தது. கொஞ்ச நேரம் எங்கள் தலைக்கு மேல் நின்று பார்த்துவிட்டு, வழி தவறி வந்துவிட்டதாகச் சொல்லிக் கடல் பக்கம் போய்விட்டது. நாகரிகமான மேகம். அதற்குப் பிறகு வந்தவை அதுகூடச் சொல்லவில்லை.

என் அக்கா பகீத்தாவுக்கு இருந்தது ஒரே ஒரு குடைவேல மரம். பள்ளத்தாக்கு வளைகிற இடத்தில், சரளை மேட்டுக்குக் கீழே தனியாக நின்றது. அதற்குச் சண்டைக்காரி என்று பெயர். பக்கத்தில் போனவன் எவனும் துணி கிழியாமல் திரும்பியதில்லை. ஒரு முறை எல்லைக் காவல் சிப்பாய் ஒருவன் அதன் நிழலில் படுத்துத் தூங்கினான். எழுந்து பார்த்தால் அவன் சட்டை மரத்தில் இருந்தது, பொத்தான்கள் எல்லாம் போட்டபடியே. அவன் அதைத் திருப்பிக் கேட்கத் துணியவில்லை. பனியனோடு போய்ச் சேர்ந்தான்.

நைலுக்கும் கடலுக்கும் நடுவே பாலையில் ஆடு மேய்க்கிற எங்கள் அபாப்தா ஜனங்களிடம் ஒவ்வொரு குடைவேலத்துக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. நீளமான கொக்கிக் கோலால் கிளையைப் பிடித்து உலுக்கலாம். விழுகிற இலையும் நெற்றும் ஆட்டுக்கு. ஒடிப்பது குற்றம். உயிருள்ள மரம் எவருக்கு இருக்கிறதோ அவருக்குத்தான் கிணற்றில் பங்கு, கூடாரம் அடிக்க இடம். மரம் போனால் கூடாரத்தைச் சுருட்ட வேண்டியதுதான்.

அக்காவின் மருமகன் ஒக்கீர் துறைமுக ஊரில் மீனுக்கு ஐஸ் உடைக்கிற இடத்தில் வேலை பார்க்கிறான். வீட்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் அறை கட்டி வைத்துக்கொண்டு, ஆடுகளை விற்றுவிட்டு வந்துவிடுங்கள் என்று ஒவ்வொரு பெருநாளுக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். "சண்டைக்காரி நிக்கிற வரைக்கும் நான் நிப்பேன்" என்பாள் அக்கா. என் கூடாரத்துக்கு வந்துவிடேன் என்று நானும் ஒரு தடவை கேட்டேன். "உன் பொய்யைக் கேட்டுக்கிட்டு ஒரு கூரைக்குக் கீழ இருக்கறதுக்கு ஐஸுக்குள்ள உக்காந்துக்கலாம்டா" என்றாள். நான் மறுபடி கேட்கவில்லை.

போன குளிர்காலத்தில் சண்டைக்காரி கடைசி இலையையும் உதிர்த்தாள். அன்றிலிருந்து அக்கா அவள் மேல் கோலை வைக்கவில்லை. தூங்கட்டும் என்றாள். ஆடுகளை மேலே ஊற்றுப் பக்கம் என் மரத்துக்கும், பாறைச் சந்துகளுக்கும் ஓட்டிப் போய் வந்தாள். வறட்சி அப்படி. ஓணான்கள் ஒன்றின் நிழலில் ஒன்று நின்றுகொண்டு வரிசையாகப் போயின. முதல் ஓணானுக்குத்தான் பாவம், நிழல் கிடையாது. அதனால் முறை போட்டு மாற்றிக்கொண்டன.

அந்தச் சமயத்தில்தான் முகாம் வந்தது.

பள்ளத்தாக்கின் வாயில் பெரிய வெள்ளைக் கூடாரங்கள். தலைநகரத்திலிருந்து டாக்டர் வஹீத், அவரோடு சில படித்த ஆட்கள், சமையலுக்கு நைல் கரையிலிருந்து மஹ்ரூஸ் என்கிற ஒருவன். டாக்டர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, செடி டாக்டர். கர்ஸாவில் என்னென்ன முளைக்கிறது, எந்த இடத்தில் முளைக்கிறது, அங்கே எது குடியிருக்கிறது, எல்லாவற்றையும் விவரித்து எழுத வந்திருந்தார். ஒட்டகத்துக்கும் தண்ணீருக்கும் வழிக்கும் என்னையும் என் பங்காளிகளையும் வைத்துக்கொண்டார்.

மனுஷன் உழைப்பாளி. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. வெயிலில் மண்டியிட்டு, ஒரு பேய்க்குமட்டிக் கொடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தவழ்ந்து தவழ்ந்து பார்ப்பார். மாலையில் அன்றைக்கு எழுதியதைச் சத்தமாகப் படிப்பார். குரலும் நல்ல குரல். பள்ளத்தாக்கின் தரை, கரட்டு மணல், தூரம் தூரமாகக் குடைவேலம், இடையில் எருக்கு. சரளை மேடு, ஒன்றுமில்லாதது போலத் தெரியும், கல்லைப் புரட்டினால் தேளும் காய்ந்த விதைகளும். பாறைச் சரிவு, அங்கே வெள்ளாடுகூட ஏறத் தயங்கும் வெடிப்புகளில் மலைமுருங்கை. மேலே ஊற்று, கோரை, நாலைந்து பேரீச்சை, தண்ணீருக்கு வரும் காட்டுப்புறா. கேட்கக் கேட்க, இவ்வளவு அழகான இடத்திலா இத்தனை நாள் கஷ்டப்பட்டோம் என்று எனக்கே தோன்றும்.

ஒரு நாள் கேட்டேன். "டாக்டர், எல்லாம் இருக்கு. இதுல நாங்க எங்க இருக்கோம்?"

"இது செடிகொடி பத்தின பகுதி பெரியவரே. மனுஷங்க வேற பகுதியில வருவாங்க."

"அந்தப் பகுதிக்கு என்ன பேரு?"

அவர் ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். "இடையூறுகள்."

பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மஹ்ரூஸ் சிரித்தே விட்டான். "தேளுக்கு இடம் இருக்கு, உனக்கு இல்லையேப்பா!"

"தேளுக்கு இருக்கறது நியாயம்தான். அது உன் சோத்தைத் தின்னதில்ல" என்றேன்.

அன்றைக்கே எனக்குள் ஒரு முள் ஏறிவிட்டது. பிடுங்காமல் விட்டுவிட்டேன்.

அதற்குச் சில நாள் கழித்து, விடிந்ததும் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வரும்போது, வளைவில் வெளிச்சம் அதிகமாக இருந்தது. முதலில் புரியவில்லை. இருக்கக் கூடாத இடத்தில் வானம் இருந்தது. என் ஒட்டகம் நின்றுவிட்டது. அது பிறந்ததிலிருந்து அந்த இடத்தில் தலையைச் சாய்த்து முள்ளுக்கு ஒதுங்கிப் போகிற ஒட்டகம். அன்றைக்கும் தலையைச் சாய்த்தது. சாய்ப்பதற்கு எதிரே ஒன்றுமில்லை.

முழங்கால் உயரத்துக்கு ஓர் அடிக்கட்டை. பக்கத்தில் சண்டைக்காரி குப்புறக் கிடந்தாள். டாக்டரும் அவருடைய ஆட்களும் அவள் உடம்பிலிருந்து வட்டமாக ஒரு துண்டு அறுத்து எடுத்து, அதன் மேல் தண்ணீர் தெளித்துத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஒட்டகத்திலிருந்து இறங்கினேனா, விழுந்தேனா, தெரியாது.

"யார்கிட்ட கேட்டீங்க?"

"பெரியவரே, பதறாதீங்க. இது செத்த மரம். நான் சும்மா வெட்டுவேனா? பட்டையைப் பல இடத்துல சுரண்டிப் பாத்தேன். எங்கயும் பச்சை இல்ல. உள்ளுக்குள்ள வளையம் இருக்கு பாருங்க, அதை வெச்சு வயசு சொல்லலாம். இந்தப் பள்ளத்தாக்குல எப்பெப்ப மழை பெஞ்சுதுன்னு இதுதான் சொல்லணும்."

"யார்கிட்ட கேட்டீங்கன்னு கேட்டேன்."

"செத்த மரத்துக்கு யார்கிட்ட கேக்கறது?"

அதற்குள் அக்கா வந்துவிட்டாள். யாரும் போய்ச் சொல்லவில்லை. கையில் கொக்கிக் கோல். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். அது இன்னும் மோசம். அக்கா ஓடி வந்தால் திட்டுவாள். நடந்து வந்தால் என்ன செய்வாள் என்று எங்கள் அப்பாவுக்கே தெரியாது.

சண்டைக்காரியைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். கிளைகளைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் டாக்டர் முன்னால் வந்து நின்றாள்.

"எதுக்குடா அறுத்த?"

டாக்டரை அதுவரை எவரும் 'டா' போட்டதில்லை. "அம்மா, இந்த மரத்துக்கு என்ன வயசுன்னு தெரிஞ்சுக்க..."

"வயசு தெரியணும்னா இடுப்புல அறுத்துப் பாப்பியா? எனக்கும் என் வயசு தெரியாது. வா. எங்க அறுக்கணும்னு சொல்லு, துணியை ஒதுக்கிக்கிட்டு நிக்கறேன்."

மஹ்ரூஸ் சமாதானம் செய்ய வந்தான். "ஆத்தா, விடு. வெறும் விறகு. இலைகூட இல்லாத கட்டை."

"உங்கப்பன் மண்டையிலயும்தான் ஒரு மயிர் இல்ல. அடுப்புலயா வெச்ச?"

அவன் அதற்குப் பிறகு அன்று முழுக்கப் பேசவில்லை. அவனுடைய அப்பா வழுக்கை என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதே அவனுக்குப் பெரிய பயமாகிவிட்டது.

எனக்குக் கோபம் எப்படி வந்தது என்றால், தலையில் கட்டியிருந்த துணி காய்ந்து மொறுமொறுவென்று உடைந்தது. கோபமாக இருக்கும்போது எனக்குப் பொய் வராது. ஆனால் வேறு புத்தி வரும். டாக்டரிடம் போய், "வழக்கு வெக்கணும் டாக்டர். எங்க ஷேக் கரார் மாமா வருவார். நீங்க வந்து உக்காந்தா போதும். நான் கூட இருக்கேன்" என்றேன்.

"வழக்கா? சரி, வர்றேன். நான் தப்பு ஒண்ணும் பண்ணலையே. எடுத்துச் சொன்னா அவருக்குப் புரியும்."

ஷேக் கரார் மறுநாள் வந்தார். எங்கள் தாய்மாமன். ஒரு கண் தெரியாது, மற்றக் கண்ணை நம்ப முடியாது. ஆனால் நாலு பள்ளத்தாக்குக்கும் அவர் சொல்தான். வந்தவர் வளைவில் நின்று காற்றை மோந்து பார்த்தார்.

"எங்க உக்காரறது?" என்றார் டாக்டர். "எங்க கூடாரத்துக்குள்ள வாங்க, நிழலா இருக்கும்."

"வழக்கு யார் சம்பந்தப்பட்டதோ அவங்க நிழல்லதான் உக்காரணும்" என்றார் மாமா. சொல்லிவிட்டு, அடிக்கட்டைக்கு மேற்கே சில எட்டு தள்ளி, மொட்டை வெயிலில் உட்கார்ந்தார். காலை நேரத்தில் சண்டைக்காரியின் நிழல் விழுகிற இடம் அதுதான்.

நாங்களும் உட்கார்ந்தோம். டாக்டரும் உட்கார்ந்தார். மணல் ரொட்டிக்கல்லாகக் காய்ந்தது. கொஞ்ச நேரம் போனதும் மாமா அவரைப் பார்த்து, "நகந்து உக்காரும். உம்ம முழங்கால் வெயிலுக்குப் போயிடுச்சு" என்றார்.

டாக்டர் சுற்றிலும் பார்த்தார். எல்லாமே வெயில். என்னைப் பார்த்தார். நானும் அக்காவும் பங்காளிகளும் ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தோம். அவரும் நகர்ந்தார். இப்படியே இல்லாத நிழலோடு நாங்கள் அடிக்கட்டையை நெருங்கி நெருங்கி வந்துகொண்டிருந்தோம். உச்சி வந்தபோது எல்லோரும் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறையாக அவள் காலடியில் ஒட்டிக்கொண்டிருந்தோம். டாக்டரின் மூக்குத் தோல் உரிந்து மடியில் விழுந்தது. அவர் அதைப் பார்த்து இது எந்தச் செடியின் சருகு என்று யோசித்தார்.

அப்போதுதான் காப்பி வந்தது.

எங்கள் காப்பி மண்குடுவையில் கொதிக்கும். இஞ்சி தூக்கலாக இருக்கும். வழக்கில் வைக்கிற காப்பிக்கு ஒரு முறை உண்டு. கோப்பையை எல்லோர் முன்னாலும் ஊற்றி வைப்பார்கள். யாரும் தொடக் கூடாது. வழக்கைக் கேட்டு முடிந்த பிறகுதான் குடிப்பது. குற்றம் சாட்டப்பட்டவன் அதற்கு முன்னால் குடித்துவிட்டால், வரப்போகிற தீர்ப்பு எதுவானாலும் ஒத்துக்கொண்டேன் என்று பொருள். எங்களில் கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. டாக்டருக்கு யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்ல வேண்டியவன் நான். அன்றைக்கு எனக்குத் தொண்டை சரியில்லை.

இஞ்சியை மட்டும் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லியிருந்தேன்.

டாக்டர் கோப்பையை எடுத்தார். ஒரே மடக்கு. "அருமையான இஞ்சி" என்றார். கோப்பையை இன்னொன்றுக்கு நீட்டினார்.

ஷேக் கரார் அசந்துபோனார். "என் ஆயுசுல இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டவனைப் பாத்ததில்ல. பட்டணத்துல நல்லா வளத்திருக்காங்க." அப்புறம் தீர்ப்பைச் சொன்னார். "இவ தூங்கிட்டிருந்தா. இவளை வெட்டினது குத்தம். செத்தாளா இல்லையான்னு மழை வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் இவ உயிருள்ள மரம், பகீத்தாவுக்குப் பங்கும் இடமும் உண்டு. அதுவரைக்கும் பகீத்தா ஆட்டுக்குத் தீனி இந்த டாக்டர் பொறுப்பு."

நான் அவருக்கு இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். தொண்டை சரியாகிவிட்டிருந்தது.

அவர் முகம் சிவந்தது. "நான் எதையும் ஒத்துக்கலையே! காப்பி குடுத்தீங்க, குடிச்சேன்!"

"அதைத்தான் ஒத்துக்கறதுன்னு சொல்றோம்."

"அதை முன்னாடியே என்கிட்ட சொல்ல வேண்டாமா? நீங்க சொல்லவே இல்லையே பெரியவரே!"

"நீங்க வெட்டறதுக்கு முன்னாடி எங்ககிட்ட சொன்னீங்களா?"

டாக்டர் எழுந்து கூடாரத்துக்குப் போய்விட்டார். உள்ளிருந்து மட்டும் சத்தம் வந்தது. "ஏமாத்து வேலை. கடைஞ்செடுத்த ஏமாத்து வேலை. நான் எதுவும் குடுக்கமாட்டேன்."

பங்காளிகள் எழுந்தார்கள். ஒட்டகங்களை அவிழ்த்தோம். காப்பி குடித்துவிட்டு மறுத்தவனுக்கு யாரும் வழி காட்டமாட்டார்கள், தண்ணீர் இறைத்துத் தரமாட்டார்கள். மஹ்ரூஸ் மட்டும் என் பழைய ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்து, ஊற்றுக்கு வா என்று இழுத்துப் பார்த்தான். ஒட்டகம் அவனிடம், "பெரியவர் சொல்லட்டும்" என்றது. அவன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். இதை மஹ்ரூஸ் மறுப்பான். அவன் சமையலையே மறுப்பவன்.

பீப்பாயில் இருந்த தண்ணீர் தீர்கிற வரைக்கும் டாக்டர் பொறுத்தார். தண்ணீர் ஒரு பக்கம். அவருக்குப் பாறைச் சரிவும் ஊற்றும் இன்னும் எழுதி முடியவில்லை. அந்த மலைமுருங்கையை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசில்லை. நடந்து என் கூடாரத்துக்கு வந்தார்.

"மழை எப்ப வரும்?" என்றார்.

"நீங்கதானே டாக்டர் துண்டை அறுத்து எடுத்து வெச்சிருக்கீங்க. அவகிட்ட கேளுங்க."

என்னை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "தீனி அனுப்பறேன்" என்றார்.

அனுப்பினார். நைல் கரையிலிருந்து லாரியில் பச்சைத் தழை வந்தது. எங்கள் ஆடுகள் முள்ளையும் சருகையும் தின்று வளர்ந்தவை. பச்சையாக இருப்பதைப் பார்த்து முதலில் பயந்து ஓடின. பிறகு தின்றன. தின்று வயிறு ஊதி, காற்றடித்தால் தரையை விட்டு எழும்பின. அக்கா ஒவ்வொன்றையும் ஒரு கல்லோடு கட்டிப் போட்டாள். ஒரு கிடா மட்டும் கயிறு அறுந்து பக்கத்துப் பள்ளத்தாக்கில் போய் இறங்கியது. அங்கே அதை விருந்தாளியாக நினைத்து உபசரித்து அனுப்பினார்கள்.

முகாமைக் கலைத்துப் போன பிறகும் லாரி நிற்கவில்லை. ஒரு தடவைகூடத் தவறவில்லை. அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது. தவறியிருந்தால் வாய் நிறையத் திட்டலாம். நாணயமானவன் மேல் கோபமாக இருப்பது பெரிய தொந்தரவு. அக்காவுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. தழையை இறக்கும்போதெல்லாம் லாரிக்காரனிடம் சொல்லி அனுப்புவாள்: "அவன்கிட்ட சொல்லு. ஆடு திங்குது. மரம் மரமாத்தான் வேணும்."

காலையில் கோலோடு போவாள். அடிக்கட்டைக்குப் பக்கத்தில் நின்று, முன்பு கிளை இருந்த உயரத்துக்கு அண்ணாந்து பார்ப்பாள். திரும்பி வந்து யாரையாவது திட்டுவாள். பெரும்பாலும் என்னை.

அப்புறம் ஒரு நாள் மலைக்கு அந்தப் பக்கம் இடித்தது. எங்கள் தலைக்கு மேல் வெறும் நீலம். ஆனால் அன்று மாலையே வெள்ளம் வந்தது. பழுப்பு நிறத்தில், மரக்கட்டைகளையும் செத்த நரியையும் உருட்டிக்கொண்டு, பள்ளத்தாக்கின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் முட்டிக்கொண்டு, சரளை மேட்டின் மேலும் ஏறிப் போனது. விடியும்போது தரை முழுக்கச் சேறு. சண்டைக்காரியின் அடிக்கட்டையைச் சுற்றிக் குளமாகத் தண்ணீர் நின்றது.

அதற்குப் பிறகு கர்ஸாவைப் பார்த்திருக்க வேண்டும். டாக்டர் எழுதியதெல்லாம் பொய்யாகிவிட்டது. ஒன்றுமில்லை என்று எழுதிய சரளை மேட்டில் கால் வைக்க இடமில்லாமல் பூ. பேய்க்குமட்டி நாங்கள் நடக்கிற வேகத்தில் பின்னாலேயே படர்ந்து வந்தது. நின்று பேசினால் காலில் சுற்றிக்கொள்ளும். தூங்கிக்கொண்டிருந்த குடைவேலங்கள் எல்லாம் எழுந்துவிட்டன. என் மரம் பச்சையாகி நின்றது. பங்காளிகளின் மரங்கள் எல்லாம் பச்சை.

வளைவில் இருந்த அடிக்கட்டையில் ஒன்றுமில்லை. நான் அந்தப் பக்கம் போனால் கிட்டே போய்ப் பார்ப்பதில்லை. பார்த்தால் ஏதாவது தெரிந்துவிடும்.

டாக்டருக்குச் செய்தி எட்டிவிட்டது. ஜீப்பில் வந்தார். அதே நாளில் மருமகன் ஒக்கீரும் ஒரு பிக்கப் வண்டியில் வந்து இறங்கினான். வந்ததிலிருந்து அவன் கண் அக்காவின் கூடாரக் கம்புகள் வண்டியில் அடங்குமா என்று அளந்துகொண்டிருந்தது.

"அத்தை, மெத்தைகூட வாங்கிப் போட்டாச்சு" என்றான்.

"உன் மெத்தையில நீ படு."

ஷேக் கராரைக் கூட்டி வந்தோம். அவர் சண்டைக்காரியின் நிழல் எங்கே விழும் என்று கேட்டு, அங்கே உட்கார்ந்தார். டாக்டர் இந்த முறை யாரும் சொல்லாமலே சரியான இடத்தில் உட்கார்ந்தார்.

உட்காருவதற்கு முன்னால் அடிக்கட்டையிடம் போனார். மண்டியிட்டு, நகத்தால் பட்டையை மெதுவாகச் சுரண்டினார். இன்னோர் இடத்தில் சுரண்டினார். வேரடியில் மண்ணைத் தள்ளிப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

"அம்மா, வேரு நல்லா நனைஞ்சிருக்கு. மத்ததெல்லாம் துளிர்த்திருச்சு. இது துளிர்க்கல. நான் அன்னிக்குச் சொன்னது சரிதான். இது முன்னாடியே செத்தது."

அக்கா கோலை ஊன்றி எழுந்தாள். "மேல பெஞ்சுதா?"

"என்னது?"

"மழைடா. அவ மேல ஒரு சொட்டு விழுந்துதா? எங்கயோ மலையில பெஞ்ச மழை, இவ காலை நனைச்சுட்டுக் கடலுக்குப் போயிருச்சு. தூங்கறவ காலுல தண்ணி ஊத்தினா எந்திரிப்பாளா? நீ எந்திரிப்பியா? மூஞ்சியில ஊத்தணும்."

"மூஞ்சியே இல்லையே அம்மா, வெறும்..." என்று டாக்டர் ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். மூஞ்சியை அறுத்தது யார் என்று அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது.

ஒக்கீர் குறுக்கே வந்தான். "மாமா, வெள்ளமும் மழைதானே? நீங்களே சொல்லுங்க. எத்தனை காலத்துக்கு இப்படி..."

"வழக்கு இன்னும் தொறக்கலை" என்றார் ஷேக் கரார். "காப்பி வரட்டும்."

காப்பி வந்தது. கோப்பைகள் எல்லோர் முன்னாலும் வைக்கப்பட்டன. இஞ்சி மணம் வெயிலில் நின்றது. டாக்டர் கோப்பையைக் கையில் எடுத்தார்.

இப்போது அவருக்கு முறை தெரியும்: தீர்ந்த வழக்கை மறுபடி திறக்கக் கேட்பவன்தான் முதலில் குடிக்க வேண்டும். குடித்தால், மாமா என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். மரம் செத்தது என்று மாமா சொன்னால் பொறுப்பு தீர்ந்தது, அக்கா பிக்கப்பில் ஏறுவாள். தூங்குகிறாள் என்று சொன்னால் லாரி எந்தக் காலத்துக்கும் வரும். குடிக்காமலே இருந்தால் வழக்கே திறக்காது, பழைய தீர்ப்பு அப்படியே நிற்கும். மாமாவின் நல்ல கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று டாக்டர் பார்த்தார். அதை நான் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கே தெரிந்ததில்லை.

நிழல் நகர்ந்தது. நாங்கள் நகர்ந்தோம். டாக்டர் கோப்பையோடு நகர்ந்தார். அக்கா மட்டும் நகரவில்லை. அடிக்கட்டைக்குப் பக்கத்திலேயே கோலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வை கூடாரத்துப் பக்கம் போய்ப் போய் வந்தது. அதை நான் பார்த்தது அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து டாக்டர் தலையைத் தூக்கினார். மாமாவைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார்.

"அம்மா, இதை நான் குடிக்கலாமா?"

அக்கா அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"கேக்கத் தெரியுதே உனக்கு" என்றாள். குரல் உடைந்து, உடைந்த இடத்திலேயே இன்னும் கூர்மையானது. "வாய் இருக்கு. நாக்கு இருக்கு. கேக்கத் தெரியுது. ஒரு வாய்க் காப்பிக்குக் கேக்கத் தெரியுது. அன்னிக்கு ரம்பத்தைத் தூக்கிட்டு வந்தப்ப இந்த வாய் எங்கடா போச்சு? என் கூடாரம் கூப்பிடு தூரத்துல இருந்துதே. ஒரு கத்து கத்தியிருந்தா வந்திருப்பேனே. செத்துடுச்சா, வெட்டவான்னு கேட்டிருந்தா, பொறு, ஒரு மழை வரட்டும்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதானே? அதுக்கு மேல என்னடா சொல்லியிருக்கப் போறேன்?"

டாக்டர் எழுந்தார். குடிக்கப் போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கோப்பையை வைக்க இடம் பார்த்து, கைக்கு எட்டிய அடிக்கட்டையின் மேல் வைத்தார்.

"எடுடா!" அக்கா போட்ட சத்தத்தில் ஒக்கீரின் வண்டிக் கண்ணாடி விரிசல் விட்டது. "அவ தலையில வெக்காத!"

டாக்டர் பதறி எடுத்துக்கொண்டார்.

ஷேக் கரார் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "குடிக்கலை. வழக்கு இல்லை" என்றார். "மேல ஒரு மழை பெய்யட்டும், அப்பறம் கூப்பிடுங்க." அவர் போய்விட்டார். ஒக்கீர் வெறும் வண்டியைத் திருப்பினான். அக்கா கூடாரத்துக்குப் போய், பிடுங்கி வைத்திருந்த ஒரு கூடார முளைக்குச்சியைக் கல்லால் அடித்து இறுக்க ஆரம்பித்தாள். அதை எப்போது பிடுங்கினாள் என்று நான் கேட்கவில்லை.

டாக்டர் மட்டும் ஆறிப்போன கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வளைவில் நின்றார். கீழே கொட்டலாமா, ஜீப்பில் கொண்டுபோகலாமா, யாரிடமாவது கொடுக்கலாமா, அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொருவராக எங்கள் முகத்தைப் பார்த்தார்.

நாங்கள் சொல்லவில்லை.